தாத்தா பெயரில் மூன்று அறை

பெங்களூரு – 66

பெரியப்பா அவர்களுக்கு அநேக நமஸ்காரம். இவ்விடம் நாங்கள் யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்துக்கும் பெரியம்மாவின் முழங்கால் க்ஷேமத்துக்கும் எழுத வேண்டியது.

நிற்க. சித்தியின் பேத்தி கல்யாணத்துக்கு வரும் தங்கள் அனைவருக்குமாக நான் மூன்று அறைகளைப் பதிவு செய்து, விடுதியார் அனுப்பிய ஆங்கிலக் கன்பர்மேஷன் கடிதத்தைத் தங்கள் போனுக்கு அனுப்பிவைத்ததும், தாங்கள் அதைக் கடைத்தெருவில் கொடுத்து அச்செடுத்து, தாங்கள் ஓய்வுபெற்றும் தான் ஓய்வுபெறாத அந்தச் சிவப்பு மைப்பேனாவால் சந்தேகமான சொற்களுக்கெல்லாம் அடிக்கோடிட்டு, ஓரத்தில் கேள்விக்குறிகளை வரிசையாக நிறுத்தி, முடிவில் ‘இது ஓட்டல்காரன் எழுதிய கடிதமா, வக்கீல் விட்ட நோட்டீஸா?’ என்று குறிப்பும் எழுதி, படம்பிடித்துத் திருப்பி அனுப்பியிருப்பது கிடைத்தது. கேள்விகள் யாவும் நியாயமானவை. அவற்றுக்கு விடை எழுதும் யோக்கியதை நம் குடும்பத்தில் எனக்கு ஒருவனுக்கே உண்டு என்பதையும் அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். கம்பெனி செலவில் ஊர் ஊராகப் போய்ப் படுத்துவிட்டு வருவதே என் உத்தியோகம் என்று தாங்கள் அத்தையிடம் சொல்லிவருவது உண்மைக்கு அதிக தூரத்தில் இல்லை.

‘வீடு இருக்க விடுதி எதற்கு?’ என்ற கேள்விக்கு மட்டும் இரட்டைக் கோடு போட்டிருக்கிறீர்கள். கல்யாணம் மல்லேசுவரத்தில், என் ஜாகை வைட்பீல்டில். இரண்டும் ஒரே ஊர்தானே என்று ஒரத்தநாட்டிலிருந்து பார்க்கும்போது தோன்றும். அதை இவ்வூர் சர்க்காரே நம்பாமல், 2025 செப்டம்பரில் நகரத்தை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்துவிட்டது. 2023 அக்டோபரிலிருந்து வைட்பீல்டுவரை மெட்ரோ ரயில் முழுவதுமாக ஓடுகிறதே என்று மாமா கேட்பார், ஓடுகிறது, ஆனால் பட்டுப்புடவையும் தாம்பூலத் தட்டுமாகப் பெரியம்மாவை மெஜஸ்டிக்கில் இறக்கி, மாடிப்படி மாற்றி, வேறு வண்டியில் ஏற்றி, முகூர்த்தத்துக்குச் சேர்ப்பதாக வாக்களிக்க எனக்குத் தைரியம் இல்லை. மண்டபத்து அறைகளை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். பெண் வீட்டாராகிய நமக்கு அதில் பேச இடமில்லை.

‘ஓட்டல் என்றால் சாப்பிடும் இடமா, படுக்கும் இடமா?’ என்பதை இந்த நகரம் இன்றுவரை தீர்மானிக்கவில்லை. 1924இல் பிராமின் காபி கிளப் என்று ஆரம்பித்து, இன்று எம்.டி.ஆர். என்று உலகப் பிரசித்தி பெற்றிருக்கும் மாவள்ளி டிபன் ரூம்ஸ் பெயரிலேயே ரூம்களை வைத்திருந்தாலும், அங்கே தலைசாய்க்க ஒரு ரூமும் கிடையாது. யுத்த காலத்து அரிசிப் பஞ்சத்தில் அவர்கள் கண்டுபிடித்த ரவா இட்லிதான் கிடைக்கும். மிலிட்டரி ஓட்டல் என்று எழுதிய பலகைகளைக் கண்டு சிப்பாய்கள் தங்குமிடம் என்று எண்ணவேண்டாம். அவை ராகிக் களியும் ஆட்டுக்கறியும் விற்கும் சாப்பாட்டுக் கடைகள். நமக்கு இரண்டு அர்த்தத்திலும் அங்கே வேலை இல்லை. படுப்பதற்கு உள்ள இடம் லாட்ஜ் என்று நெடுங்காலம் வழங்கிவந்தது. 1887இல் ஓர் ஆங்கில மாது பத்து அறைகளுடன் தொடங்கிய வெஸ்ட் எண்டு போன்ற இடங்கள் மாத்திரமே துரைமார் வழக்கப்படி படுப்பதற்கும் ஓட்டல் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தன. இப்போது லாட்ஜ் என்று சொன்னால் கௌரவக் குறைவு என்று கருதி எல்லோரும் துரைமார் ஆகிவிட்டார்கள். ஆகவே நான் பதிவு செய்திருப்பது படுக்கும் ஓட்டல். சாப்பாடு உண்டா என்பது பிறகு வரும் வியாஜ்யம்.

இனிப் பிரதான விஷயம். ‘செக்-இன் பகல் 2 மணி, செக்-அவுட் பகல் 11 மணி’ என்ற வரிக்கு எதிரில் தாங்கள் கணக்குப் போட்டு, ‘24 – 21 = 3, மீதி எங்கே?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கணிதத்தில் பிழை இல்லை. வியாழக்கிழமை இரண்டு மணிக்கு உள்ளே போய் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வெளியே வந்தால் இருபத்தொரு மணி நேரமே ஆகிறது. அதைத்தான் இவ்வுலகத்து விடுதிக்காரர்கள் அநேகமாகச் சகலரும் ஒருமுகமாக ‘ஒரு நாள்’ என்று நிர்ணயித்து அதற்கு வாடகையும் வாங்குகிறார்கள். மீதி மூன்று மணி நேரத்தை நம் முறைப்படி கணக்கிட்டால் ஏழரை நாழிகை வரும் என்பதைத் தாங்கள் கவனிக்காமல் விட்டது ஆச்சரியம். சனி பகவான் ஒருவரை ஏழரை ஆண்டுகள் பீடிப்பதற்கு ஜாதகம் முதலிய முகாந்தரங்கள் வேண்டும். விடுதிக்காரர் எந்த முகாந்தரமும் இன்றி, எல்லா ராசிக்காரர்களிடமிருந்தும் நித்தியம் ஏழரை நாழிகை பிடித்துக்கொள்கிறார்.

அந்த அவகாசம் எதற்கு என்றால், எல்லா விருந்தினரும் ஒரே வேளையில் காலி செய்துபோன அறைகளைச் சில பெண்கள் மாடி மாடியாக ஏறி விரிப்பு மாற்றி, தரை துடைத்து, குளியலறை கழுவி, அடுத்தவருக்கு ஆயத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்களைப் பார்த்தால் மூன்று மணி போதாது, ஐந்து மணி கொடுக்கலாம் என்றே தோன்றும். ஆட்சேபம் அவர்களுக்குக் கொடுப்பதில் இல்லை. அதை நம் வாடகையில் கழிக்காததில்தான்.

இது நிற்க, இதைக் காட்டிலும் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. வியாழக்கிழமை ராகுகாலம் ஒன்றரை முதல் மூன்று; வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு. அதாவது, விடுதிக்காரர் விதித்தபடி தாங்கள் ராகுகாலத்தில் அறைக்குள் பிரவேசித்து, ராகுகாலத்திலேயே மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். பெரியம்மா இதற்குச் சம்மதியாள் என்பது எனக்குத் தெரியும். ஆதலால் மூன்று மணி கழிந்தே உள்ளே போவதாக வைத்துக்கொண்டால் இருபத்தொன்று இருபதாகிறது. வெளியேறுவது பத்தரைக்கு முன் என்றால் பத்தொன்பதரை. ஆனால் முகூர்த்தமோ ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். தாலி கட்டும் சமயத்தில் நம்மவர் ஒருவர் விடுதி வாசலில் பெட்டியை எண்ணிக்கொண்டிருப்பது அழகல்ல. ஆகவே காலை எட்டு மணிக்கே காலி செய்தாக வேண்டும். பதினேழு மணி. நம் சாஸ்திரமும் அவர்கள் சாஸ்திரமும் சேர்ந்து ஒரு நாளைப் பதினேழு மணி நேரமாகக் குறைத்தபின், அதில் எட்டு மணி நேரம் தாங்கள் தூங்கிவிடுவீர்கள் என்பதையும் சொல்லவேண்டியதில்லை.

இதற்கு ஒரு பரிகாரம் தேடலாம் என்றுதான் நான் விடுதிக்குப் போன் செய்தேன். தங்கள் ‘நம்மோடு வரும் மிஸ்டர் ராகுல் யார்?’ என்ற கேள்விக்கு மூலகாரணம் அந்தப் போன். எடுத்துப் பேசிய பெண்ணுக்குக் கன்னடமும் தெரியாது, தமிழும் தெரியாது. எங்கோ வடகிழக்கு மலைப்பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்த குழந்தை. அவளுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம், அதிலும் விடுதிக்கென்று தனியாக ஏற்பட்ட ஐம்பது அறுபது வார்த்தை. இரண்டு மணிக்குப் பதில் ஒன்று இருபத்தைந்துக்கு உள்ளே விடமுடியுமா, ஏனெனில் ஒன்றரை முதல் மூன்றுவரை ராகு என்று மிகவும் விளக்கமாகச் சொன்னேன். அவள் மிகுந்த மரியாதையோடு அனைத்தையும் குறித்துக்கொண்டாள். மறுநாள் வந்த திருத்திய கடிதத்தில், ராகுல் என்ற நாமதேயத்துடன் ஒரு கனவான் தங்கள் அறையில் மூன்றாவது நபராகச் சேர்க்கப்பட்டு, அவர் ஒன்றரை மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போய்விடுவார் என்ற குறிப்பும், அவருக்கு ‘எக்ஸ்ட்ரா பர்சன்’ கட்டணமும், மடக்குக் கட்டில் வேண்டாமா என்ற விசாரணையும், அவருடைய அடையாள அட்டையையும் கொண்டுவரவேண்டும் என்ற எச்சரிக்கையும் கண்டிருந்தன. நவக்கிரகங்களில் ஒருவருக்கு அறை வாடகை கட்டிய குடும்பம் தஞ்சை ஜில்லாவில் நம்முடையதே முதலாவதாக இருக்கும். அவரை நீக்கும்படி எழுதியதற்கு, பதிவில் மாற்றம் செய்தால் விலை மாறலாம் என்று பதில் வந்தது. நீக்க ஆகும் செலவு ராகுவை வைத்துக்கொள்வதற்கு ஆகும் செலவைவிட அதிகம் என்று கணக்கானதால் அவர் இன்றுவரை பட்டியலில் இருக்கிறார். கேதுவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ஒன்று இருபத்தைந்து விஷயம் என்ன ஆயிற்று என்றால், ‘சப்ஜெக்ட் டு அவெயிலபிலிட்டி’ என்ற பதிலோடு நின்றது. தாங்கள் சிவப்பு மையில் வட்டமிட்ட அந்தத் தொடருக்கு நேரான பதத்தைத் தாசில்தார் கச்சேரியில் தாங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள்: ‘பார்க்கலாம்’.

ரயில் தங்களை விடியுமுன் இறக்கிவிடும். அறை இரண்டு மணிக்குத்தான். இடையிலுள்ள பொழுதைக் கழிக்க, மெஜஸ்டிக் ஸ்டேஷனுக்கு அருகில் 1903இல் கிருஷ்ணராஜ உடையார் திறந்துவைத்த குப்பி தோட்டதப்பா தர்ம சத்திரம் இன்றும் இருக்கிறது என்பதைத் தங்களுக்குச் சொல்லவே கூசுகிறது. காந்திநகர், காட்டன்பேட்டைப் பக்கத்துப் பழைய லாட்ஜுகளில், எந்த நேரத்தில் காலடி வைத்தோமோ அந்த நேரத்தை நோட்டில் எழுதி, அதிலிருந்து இருபத்துநாலு மணி நேரத்தை ஒரு நாளாகக் கொடுக்கும் நேர்மையும் இருக்கிறது. அங்கேதான் எடுக்க உத்தேசித்தேன். ஆனால் அத்தையின் மருமகள் இணையத்தில் அவற்றின் குளியலறைப் படங்களைப் பார்த்து, நட்சத்திரங்களை எண்ணி, ‘மூன்று புள்ளி இரண்டு’ என்று ஒரே வாக்கில் தள்ளுபடி செய்துவிட்டாள். மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

தாங்கள் சரித்திர வகுப்பில் வருஷந்தோறும் சொன்னதை நான் மறக்கவில்லை. நம்மூர் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டிய சரபோஜி மகாராஜா, 1801இல் தஞ்சை ரெசிடெண்டு டோரின் துரைக்கு எழுதிய கடிதத்தில், வழிப்போக்கர் எவராயினும் அவருக்குச் சோறிடுவதையும், நோயில் விழுந்தவரைக் குணமாகும்வரை வைத்துக் காப்பாற்றுவதையும், நள்ளிரவில் மணியடித்து அதுவரை உண்ணாதவர் யாரேனும் உண்டா என்று அழைத்து இலை போடுவதையும் விவரித்திருக்கிறாரல்லவா? இங்கே சிற்றுண்டி ஏழு மணிமுதல் பத்துவரை. பத்து மணி ஒரு நிமிஷத்துக்கு மூடியை எடுத்து இட்லியைத் தொட்டால் அது அத்துமீறல்.

சிற்றுண்டி என்றதும் தாங்கள் கேட்ட ‘சி.பி.’ ஞாபகம் வருகிறது. அது சர் சி.பி. ராமசாமி ஐயர் அல்லர். கான்டினென்டல் பிளான், அறையும் காலைப் பலகாரமும் சேர்ந்த விலை. அதற்குக் கீழே ‘ஈ.பி.’, ஐரோப்பியன் பிளான். படுக்கையும் பச்சைத் தண்ணீரும் மட்டும். ‘ஏ.பி.’ ஆந்திரப் பிரதேசம் அன்று, அமெரிக்கன் பிளான், மூன்று வேளைச் சாப்பாடும் அதில் அடங்கும். ‘எம்.ஏ.பி.’ என்பது அதில் ஒரு வேளையைக் குறைத்துத் திருத்திய பதிப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க விடுதிகள் சாப்பாட்டையும் சேர்த்தே வாடகை வாங்கினவாம்; ஐரோப்பாவில் படுக்கைக்கு ஒரு கணக்கு, சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு. அந்தக் கண்டங்களின் குணாதிசயம் இன்று பெங்களூரில் நம் இட்லிக்கு விலை நிர்ணயிக்கிறது. இப்போது போட்டிருப்பது சி.பி. ஆனால் வெள்ளிக்கிழமை காலைப் பலகாரம் மண்டபத்தில், பந்தியில், நம்மவர் கையால். அதை விட்டுவிட்டு விடுதியில் ரொட்டித் துண்டை இயந்திரத்தில் போட்டு, அது எகிறி விழும்வரை கைகட்டி நிற்பதற்குப் பணம் கொடுப்பானேன்? ஈ.பி.க்கு மாற்றலாம் என்பது என் அபிப்பிராயம். மாமாவின் அபிப்பிராயம் வேறாக இருக்கும் என்பதும் தெரியும். கொடுத்த பணத்துக்கு இரண்டு இடத்திலும் சாப்பிடுவோம் என்பார்.

இவ்வளவும் நமக்கு மலிவாகவே கிடைத்திருக்கிறது என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். ‘ராக் ரேட்’ என்று தாங்கள் அடிக்கோடிட்டிருக்கும் தொகை, ஒருவரும் கொடுக்காமலிருப்பதற்காகவே அச்சிடப்படுவது. அதற்குக் கீழே உள்ள ‘கார்ப்பரேட் ரேட்’ என் கம்பெனியின் பெயரைச் சொன்னதால் வந்தது. அதனால் அறை நாள் வாடகை ஏழாயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் அடங்கியது. அடங்கவே, 2025 செப்டம்பர் 22 முதல் அமலில் உள்ள சட்டப்படி ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதத்தோடு போயிற்று. அதற்கு மேல் போனால் பதினெட்டு. எந்தக் கம்பெனியில் நான் ‘பொழுது போக்குகிறேன்’ என்று சித்தப்பா சொல்கிறாரோ, அந்தக் கம்பெனியின் நாமஸ்மரணையால் கிடைத்த லாபம் இது.

அடுத்து, தாங்கள் கோபத்தோடு கேட்டிருப்பது: மூன்று அறையும் தாத்தாவின் பெயரில் இருப்பானேன்?

பதிவுப் படிவத்தில் முதற் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டால் படிவம் நகராது. ஓரெழுத்து இனிஷியலைப் போட்டால், பெயர் குறைந்தது இரண்டு எழுத்தாக இருக்கவேண்டும் என்று சிவப்பில் எழுதிக்காட்டுகிறது. ஆகவே தங்கள் இனிஷியலை விரித்துத் தாத்தாவின் திருநாமத்தை எழுதினேன். சித்தப்பாவுக்கும் அதுவே, அத்தைக்கும் அதுவே, ஏனெனில் ஆதார் அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. விடுதிக்காரச் சமூகத்தார் எவரையும் கடைசிப் பெயராலேயே அழைப்பார்கள். எனவே வியாழக்கிழமை தாங்கள் வாசலில் இறங்கியதும் மாலை நேரமானாலும் காலை நேரமானாலும் ஒரு பெண் கைகூப்பி, தாத்தாவை வரவேற்பாள். மின்தூக்கியில் ஒருவன் தாத்தாவுக்கு வழிவிடுவான். பாட்டி தம் ஆயுள் பரியந்தம் வாயால் உச்சரிக்காத அந்தப் பெயரை, ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்து, தலையணை போதுமா என்று கேட்பார்கள். கும்பகோணத்துக்கு அப்பால் ஒரு ராத்திரி தங்கி அறியாத மனிதர். மூன்று அறைகளில் ஏககாலத்தில் தங்கப்போகிறார். தாங்கள் கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். ‘அவர் இல்லை’ என்று மட்டும் சொல்லிவிடவேண்டாம், ‘நோ-ஷோ’ என்று குறித்துக்கொண்டு முழு வாடகையும் எடுத்துவிடுவார்கள்.

அடையாள அட்டை விஷயம். பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் அசல் வேண்டும். குடும்பமே படத்தில் நிற்கும் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் இதுவே சாட்சி என்று வாதாட வேண்டாம். பான் கார்டில் விலாசம் இல்லை, ஒப்பமாட்டார்கள். ஆதாரின் நகலைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே பெங்களூரில் உள்ள ஆதார் மண்டல அலுவலகம் 2022 மே 27 அன்று ஓர் அறிக்கை விட்டது: ஓட்டல்களும் சினிமாக் கொட்டகைகளும் போன்ற, உரிமம் பெறாத தனியார் ஆதார் நகலை வாங்கவோ வைத்துக்கொள்ளவோ கூடாது என்று. தேசமே கலங்கியது. இரண்டு நாள் கழித்து மே 29 அன்று டில்லி சர்க்கார் அந்த அறிக்கையை வாபஸ் வாங்கி, ஜனங்கள் வழக்கமான ஜாக்கிரதையோடு இருந்தால் போதும் என்றது. ஆகவே வழக்கமான ஜாக்கிரதையோடு இருங்கள்: முதல் எட்டு எண்களை மறைத்துக் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் என்று ஒன்று இருக்கிறது, சித்தப்பா பிள்ளை ஐந்து நிமிஷத்தில் எடுத்துத் தருவான்.

‘டெபாசிட்’ எதற்கு என்பதற்கு இவ்வூர்ச் சரித்திரத்திலேயே விடை இருக்கிறது. 1896இல் இங்கே படையில் இளம் லெப்டினென்டாக வந்திறங்கிய வின்ஸ்டன் சர்ச்சில் என்பவர், பெங்களூர் கிளப்பில் பதின்மூன்று ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனார். 1899ஆம் ஆண்டுக் கணக்கில் அதை வசூலாகாத தொகை என்று எழுதிக் கழித்திருக்கிறார்கள். இன்றும் வந்தவர்களுக்கு அந்தப் பேரேட்டைக் காட்டுகிறார்கள். பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதம மந்திரியாகப் போகிறவரே இப்படி என்றால், ஒரத்தநாட்டிலிருந்து வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை நம்பலாமா என்று விடுதிக்காரர் யோசிப்பதில் தவறில்லை. அறையில் ‘காம்ப்ளிமென்டரி’ என்று சீட்டு ஒட்டிய தண்ணீர்ப் புட்டிகள் இலவசம். அதே தட்டில், அதே உயரத்தில், சீட்டு ஒட்டாமல் இருக்கும் முந்திரிப் பருப்பு இலவசமல்ல. குழந்தைகளிடமும் மாமாவிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்கவும். சாவிக்குப் பதிலாக ஓர் அட்டை தருவார்கள். அதைச் சுவரில் உள்ள பள்ளத்தில் செருகினால்தான் விளக்கு எரியும். உருவினால் எல்லாம் அணையும். பெரியம்மா சிக்கனத்தை உத்தேசித்து அதை உருவி இடுப்பில் செருகிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவும்.

‘டபுள்’ என்பது இருவருக்கு ஒரு பெரிய கட்டில், ‘ட்வின்’ என்பது இருவருக்கு இரண்டு கட்டில். தாங்களும் மாமாவும் ஒரே அறையில் ராத்திரி அரசியல் பேசுவதாக ஏற்பாடு செய்துகொண்டால் ட்வின் கேட்கிறேன். ஒரே கட்டிலில் இருவர் குறட்டையும் இணங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆறு வயதுக்குள் உள்ள குழந்தை பெற்றோர் கட்டிலிலேயே படுத்தால் இலவசம். ஏழு வயதுக் குழந்தைக்கு மடக்குக் கட்டில், அதற்கொரு விலை. அத்தை கல்யாணத்தில் நம் வீட்டில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று யாராவது எண்ணினோமா என்று கேட்பீர்கள். எண்ணவில்லை. எண்ணினால் கண்ணேறு என்று பாட்டி விளக்கையே அணைத்துவிட்டாள்.

என் வீட்டுக் கூடத்தில் சோபாவை நகர்த்தினால் ஆறு பேர் தாராளமாகப் படுக்கலாம் என்று தங்கள் மருமகள் சொன்னாள். அதன்படிச் செய்ய எனக்கும் ஆசைதான். ஆனால் வாசற் காவலரிடம் ஒவ்வொருவர் பெயரும் சொல்லி, என் போனுக்கு வரும் எண்ணை நான் உறுதிசெய்து, அதன்பின்தான் தாங்கள் மின்தூக்கியை அணுகலாம் என்பது எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதி. பதிவுச் சட்டத்துக்கு உட்படாதிருக்க, பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறேன். பத்து மாத வாடகையை முன்பணமாக இந்த ஊர் வழக்கப்படிக் கொடுத்துவைத்திருக்கிறேன். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்கும் செலவைப் பிடித்துக்கொள்வார்கள். நானே செக்-இன் செய்து உட்கார்ந்திருப்பவன். சுவாமி படத்தை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்திருக்கிறோம். பெரியம்மா பார்த்தால் வருத்தப்படுவாள் என்பதும் விடுதி எடுத்ததற்கு ஒரு காரணம்; அவளிடம் சொல்லவேண்டாம்.

ஆனால் சனிக்கிழமை முழுவதும் எங்களோடு இருக்கும்படி, வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டிக்கு எடுத்த திரும்பும் டிக்கெட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ள முடியுமானால் மாற்றிக்கொள்ளவும். காவலரிடம் பெயர்களை நான் கொடுத்துவிட்டேன். சோபாவையும் நகர்த்தியாகிவிட்டது.

இப்போது அவசரமாக வேண்டியவை: மொத்தம் எத்தனை பேர், அதில் ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் எத்தனை, யாருடன் யார் தங்குவது, காலைப் பலகாரம் வேண்டுமா வேண்டாமா என்பதைக் குடும்பத்தில் கலந்து, மாமாவின் ஆட்சேபத்தையும் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் எழுதவும். திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிவரை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். அதற்குப் பிறகு ஒரு காசும் திரும்பாது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள தம்பி மகன்